புதுச்சேரியில் ஓவியக் கண்காட்சி பார்க்கப் போகிறவர்களுக்கு

புதுச்சேரியில் ஓவியக் கண்காட்சிக்குள் நுழையப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. கதவு திறந்திருக்கும், மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார், சுவரில் படங்கள் இருக்கும். இருந்தும் கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கமிருந்து வாரக் கடைசியில் பாண்டிக்கு வரும் நம்மவர்கள் பலர் அந்த வாசல்களைக் கடந்து நேராகக் கடற்கரைச் சாலைக்குப் போய்விடுகிறார்கள். கேட்டால் "அது வாங்குறவங்களுக்கான இடம்" என்பார்கள். இல்லையென்றால் "நமக்கு அதெல்லாம் புரியாதுங்க" என்பார்கள்.

முதலாவது உண்மையில்லை. பார்க்க ஆள் வராத கண்காட்சிதான் ஓவியருக்குப் பெரிய வேதனை. அங்கே வந்து போகிறவர்களில் பெரும்பாலானோர் எதையும் வாங்காமல் பார்த்துவிட்டுப் போகிறவர்களே. இரண்டாவதற்குப் பதில் கொஞ்சம் நீளம். இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி அதற்காகவே. சுருக்கமாகச் சொன்னால், ஓவியம் பார்க்க முன்கூட்டியே எதையும் படித்திருக்க வேண்டியதில்லை, நேரம் ஒதுக்கினால் போதும். ஒரே நாளில் நான்கு கேலரி ஏறி இறங்குவதைவிட ஒரு கேலரியில் மூன்று படங்களை நிதானமாகப் பார்த்துவிட்டு வருவது எவ்வளவோ மேல்.

கிளம்புவதற்கு முன்

அருங்காட்சியகம் வேறு, கேலரி வேறு. பாரதி பூங்கா அருகே செயின்ட் லூயி வீதியில் இருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளும் அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்களும் நிரந்தரமாக இருப்பவை. கேலரியில் அப்படியில்லை. ஒரு கண்காட்சி சில நாள் ஓடும், சில வாரம் ஓடும். முடிந்ததும் படங்களை இறக்கி, ஆணித் துளைகளை அடைத்து, சுவருக்கு வெள்ளையடித்து அடுத்ததை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் போனால் ஏணியையும் பெயின்ட் டப்பாவையும்தான் பார்க்க முடியும்.

அதனால் முதல் வேலை, இப்போது எங்கே என்ன நடக்கிறது, எந்தத் தேதி வரை என்று தெரிந்துகொள்வது. கேலரிகளின் இன்ஸ்டாகிராம் பக்கங்களில் இது கிடைத்துவிடும். அதற்கு மேல் ஒரு போன் போட்டு, "இன்னைக்குத் திறந்திருக்கா, மதியம் எத்தனை மணிக்கு மூடுவீங்க?" என்று கேட்டுவிடுங்கள். புதுச்சேரியில் மதிய அடைப்பு இன்னும் உயிரோடு இருக்கும் பழக்கம். ஒரு மணி வாக்கில் பூட்டிவிட்டு மூன்று, மூன்றரைக்குத்தான் திறக்கிற இடங்கள் நிறைய. வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு, அது இடத்துக்கு இடம் மாறும். காலை பத்தரை மணிக்கு ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஒன்று என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். நடுவில் சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு.

எந்த இடத்தில் தொடங்கலாம்? புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது அலியான்ஸ் பிரான்சேஸ். 1889 முதல் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு மொழி, பண்பாட்டு நிறுவனம் அது. மொழி வகுப்புகள் நடக்கும் கட்டடம் சுஃப்ரேன் வீதியில் இருக்கிறது. கண்காட்சிகள் நடப்பது துமாஸ் வீதியில் உள்ள மெசோன் கொலோம்பானி என்ற பழைய மாளிகையில். முற்றமும் உயரமான கூரையும் உள்ள இடம், விற்பனை நோக்கம் முன்னால் நிற்காத இடம். அதனால் கூச்சம் இருப்பவர்களுக்கு நல்லது. புகைப்படக் கண்காட்சிகள், பிரெஞ்சு ஓவியர்களின் வேலைகள், உள்ளூர்க்காரர்களின் வேலைகள் என்று கலந்து வரும்.

அடுத்தது ஒயிட் டவுன் என்கிற பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதிக்கு வடக்கே, குருசுக்குப்பத்தில், பிரான்சுவா மர்த்தேன் வீதியில் இருக்கும் ஆரோதன். இது தனியார் கேலரி. இந்திய ஓவியர்கள் பலருடைய வேலைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும். எண்ணிக்கை அதிகம் என்பதால் இங்கேதான் மேலே சொன்ன மூன்று படம் கணக்கைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க நினைத்தால் அரை மணியில் கண் சலித்துவிடும்.

இவை தவிர, காபிக் கடைகளும் ஓட்டல்களும் தங்கள் சுவர்களை ஓவியர்களுக்குக் கொடுப்பது இந்த ஊரில் சகஜம். ஒரு காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம். ஆனால் சாப்பிடுகிறவர்களின் தலைக்கு மேல் தொங்கும் படத்தை நெருங்கிப் பார்க்க முடியாது. அதனால் அதை முதல் அனுபவமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

போகும் வழி

கடலூரிலிருந்து வருகிறவர்களுக்கு பஸ்ஸே போதும், அடிக்கடி இருக்கிறது. ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை என்று வந்து நகருக்குள் நுழையும். பஸ் நிலையத்திலிருந்து ஒயிட் டவுன் கிழக்கே, கடலை நோக்கி. ஷேர் ஆட்டோவிலோ ஆட்டோவிலோ வந்து பெரிய வாய்க்காலைத் தாண்டிவிட்டால் அதற்கப்புறம் நடையே நல்லது. தெருக்கள் கட்டம் கட்டமாகப் போடப்பட்டவை. கடலுக்கு இணையாகச் சில வீதிகள், குறுக்கே சில வீதிகள், அவ்வளவுதான். வழி தவறினாலும் கிழக்கே போனால் கடல், மேற்கே போனால் வாய்க்கால். துமாஸ் வீதியின் தெற்குப் பகுதியிலிருந்து குருசுக்குப்பம் வரை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். காலையில் தெற்கிலும் மாலையில் வடக்கிலும் பார்த்தால் வெயிலும் அவ்வளவாகப் படாது. சொந்த வண்டியில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வாகனங்களை விடமாட்டார்கள். வண்டியை அதற்கு முன்பே உள்வீதியில் நிறுத்திவிடுவது நல்லது.

உடை விஷயத்தில் கவலையே வேண்டாம், எது வசதியோ அது. முதுகுப்பை மட்டும் பெரிதாக வேண்டாம். திரும்பும்போது பின்னால் இருக்கும் சிற்பத்தில் இடிக்கும். பெரும்பாலான இடங்களில் பையை மேசையருகே வைத்துவிட்டுப் போகலாம்.

உள்ளே நுழைந்தவுடன்

மேசையில் இருப்பவருக்கு ஒரு வணக்கம் சொல்லி, "பார்க்கலாமா?" என்று கேட்டால் போதும். அவர் ஒரு தாளை நீட்டுவார், அல்லது சுவரில் ஒட்டியிருக்கும் நீண்ட அறிமுகக் குறிப்பைக் காட்டுவார். அதை உடனே படிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் குறிப்புகள் பல நேரம் கடினமான ஆங்கிலத்தில், கலைத்துறைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நடையில் இருக்கும். அதைப் படித்து மிரண்டு, "இது நமக்கானதில்லை" என்று திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாளை மடித்துப் பையில் வையுங்கள். கடைசியில் படித்துக்கொள்ளலாம்.

முதலில் எங்கும் நிற்காமல் அறை முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள், இரண்டு மூன்று நிமிடம் போதும். எந்தப் படம் உங்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது என்று மட்டும் மனதில் வையுங்கள். பிடித்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எரிச்சல் தந்த படம், "இதை ஏன் மாட்டினார்கள்" என்று தோன்றிய படம்கூட நல்ல தேர்வுதான். அப்படி மூன்றைத் தேர்ந்துகொண்டு இரண்டாவது சுற்றைத் தொடங்குங்கள்.

ஒரு படத்தின் முன்னால்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஒரு படைப்பின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்த ஓர் ஆய்வு 2001-இல் வெளியானது. சராசரி 27 விநாடி. பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சீட்டைப் படிக்கும் நேரமும் அதில் அடக்கம். உலகப் புகழ்பெற்ற படங்களுக்கே அந்தக் கதி. "புரியவில்லை" என்று நாம் சொல்வதில் பாதி, 27 விநாடியில் புரியவில்லை என்பதுதான்.

ஆகவே ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். ஐந்து நிமிடம் என்பது நின்று பார்க்கும்போது நீளமாகத் தெரியும். அதை எப்படிச் செலவழிப்பது என்று சொல்கிறேன்.

முதலில் தள்ளி நில்லுங்கள். படம் எவ்வளவு பெரிதோ அதைப்போல இரண்டு மடங்கு தூரம் வைத்துக்கொள்ளலாம். கண் முதலில் எங்கே போகிறது, அங்கிருந்து எங்கே நகர்கிறது, எந்த மூலைக்குப் போகவே மறுக்கிறது என்று கவனியுங்கள். ஓவியர் அந்தப் பாதையை யோசித்துப் போட்டிருப்பார். ஒரு மூலையில் இருக்கும் சின்ன வெள்ளைத் தீற்றல் கண்ணைத் திருப்பி அனுப்புவதற்காகவே அங்கே இருக்கலாம்.

பிறகு கிட்டே போங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனால் தொடும் ஆசையும் வராது, மேசையில் இருப்பவரும் நிம்மதியாக இருப்பார். இப்போது உருவத்தை விட்டுவிட்டு வண்ணம் எப்படிப் பூசப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தூரிகையின் மயிர்த்தடம் தெரிகிறதா, கத்தியால் இழுத்திருக்கிறாரா, கேன்வாஸின் நெசவு தெரிகிறதா, கீழே வேறொரு நிறம் எட்டிப் பார்க்கிறதா? எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்கில் ஆகும், தடித்துப் பூசினால் மாதக்கணக்கில்கூட ஆகும். அதனால் ஈரமாக இருக்கும்போதே நிறங்களை ஒன்றோடொன்று குழைத்திருப்பார்கள். அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும், அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வேலை அதிகம், விளிம்புகள் கூர்மையாக இருக்கும். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் வண்ணமே இல்லை, பூசாமல் விட்ட காகிதம். ஓவியர் எதைப் பூசாமல் விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு நீர்வண்ணத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

ஓரமாகப் போய்ப் பக்கவாட்டில் பாருங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது மேடு பள்ளம் தெரியும். அழித்துத் திரும்ப வரைந்த இடங்கள்கூடச் சில நேரம் தெரியும்.

திரும்பப் பழைய இடத்துக்கு வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரலை நீட்டி, படத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பகுதியை மறைத்துப் பாருங்கள். அந்தச் சிவப்புத் திட்டு இல்லாவிட்டால் படம் என்ன ஆகிறது? சாய்ந்துவிடுகிறதா, அமைதியாகிவிடுகிறதா, ஒன்றுமே ஆகவில்லையா? இது எந்தப் படிப்பும் தேவைப்படாத பயிற்சி. பத்து வயதுப் பிள்ளையும் செய்யும். ஒரு படத்தின் கட்டுமானத்தைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நேரான வழி இல்லை.

உருவமே இல்லாத படங்களில்தான் நம்மவர்கள் தடுமாறுவது. "வரையத் தெரியாமல் கிறுக்கியிருக்கிறார்" என்ற சந்தேகம் உள்ளுக்குள் இருக்கும். அதற்கு நான் காட்டும் உதாரணம் ஓவியர் ஆதிமூலம். கறுப்புக் கோடுகளில் காந்தியை அவர் வரைந்த வரிசை புகழ்பெற்றது. கோட்டின் மேல் அவருக்கு இருந்த பிடியைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. அதே ஆதிமூலம்தான் பிற்காலத்தில் உருவங்களை விட்டுவிட்டு வண்ணப் பரப்புகளுக்குப் போனார். தெரியாததால் அல்ல, கோட்டில் சொல்ல முடியாத ஒன்று வண்ணத்தில் இருந்ததால் போனார். 1966-இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமாக இருந்த கே.சி.எஸ். பணிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களில் எழுத்து மாதிரியான வடிவங்களும் ஜாதகக் கட்டம் மாதிரியான கட்டங்களும் நிறைந்திருக்கும். படிக்க முயன்றால் படிக்க முடியாது. எழுத்தை எழுத்தாகப் படிக்காமல் வடிவமாகப் பார்க்க வைப்பதுதான் அங்கே நடக்கிற காரியம். இந்த இரண்டு பெயர்களையும் மனதில் வைத்துக்கொண்டு உருவமற்ற படத்தின் முன் நின்றால் "இது என்ன?" என்ற கேள்வி "இது என்ன செய்கிறது?" என்று மாறும். இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பார்க்கத் தெரியாது என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். சிதம்பரம் கோபுர வாசலில் 108 கரணச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்து, "இந்தக் கால் எப்படி மடங்கியிருக்கு பார்" என்று பிள்ளைகளுக்குக் காட்டியவர்கள் நாம். அந்தக் கண் போதும். கேலரியில் அதே கண்ணைத் திறந்துவைத்தால் சரி.

பெயர்ச்சீட்டு

ஐந்து நிமிடம் முடிந்த பிறகு சுவரில் இருக்கும் சின்னச் சீட்டைப் படியுங்கள். ஓவியர் பெயர், படத்தின் தலைப்பு, எதில் எதன்மேல் வரைந்தது, அளவு, ஆண்டு என்று இருக்கும். அளவில் வழக்கமாக உயரம் முதலில், அகலம் பிறகு. 'தலைப்பில்லை' என்று போட்டிருந்தால் ஓவியர் உங்களுக்கு வழிகாட்ட விரும்பவில்லை என்று பொருள், அதில் ஒளிந்திருக்கும் ரகசியம் எதுவும் இல்லை. 'கலப்பு ஊடகம்' என்று இருந்தால் வண்ணத்தோடு துணி, மணல், காகிதம், நூல் என்று வேறு எதுவோ சேர்ந்திருக்கிறது. திரும்ப ஒரு முறை பார்த்து அது எது என்று கண்டுபிடியுங்கள். ஆண்டையும் கவனியுங்கள். ஒரே ஓவியரின் பத்து வருட இடைவெளியில் வந்த இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அந்த அறையிலேயே மிகச் சுவையான பகுதி அதுதான்.

சீட்டில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அந்தப் படம் விற்றுவிட்டது என்று அர்த்தம்.

அச்சுப் படங்களில் ஒரு கூடுதல் விவரம் இருக்கும். செப்பு அல்லது துத்தநாகத் தகட்டை அமிலத்தில் அரித்து எடுப்பது எட்சிங், மரக்கட்டையைச் செதுக்கி எடுப்பது மரவெட்டு, துணித்திரை வழியாக மையை இழுப்பது ஸ்கிரீன் பிரின்ட். மூன்றுமே ஓவியர் கையால் எடுக்கும் மூலப் படைப்புகள், கணினிப் பிரதிகள் அல்ல. படத்தின் கீழே பென்சிலில் 5/20 என்று எழுதியிருந்தால், மொத்தம் எடுத்த இருபதில் இது ஐந்தாவது. எட்சிங் என்றால் தகடு அழுந்திய பள்ளம் படத்தைச் சுற்றிக் காகிதத்தில் தெரியும், சாய்வாகப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் இருப்பதால் இவற்றின் விலை குறைவு. முதல் முறையாக வாங்க நினைப்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

தரையில் இருப்பதும் திரையில் ஓடுவதும்

சில கண்காட்சிகளில் சுவரில் ஒன்றுமே இருக்காது. தரையில் செங்கல் அடுக்கியிருக்கும், கூரையிலிருந்து மீன்வலை தொங்கும், இருட்டறையில் வீடியோ ஓடும். நிறுவல் கலை என்று சொல்வார்கள். இங்கே பார்வையாளரின் உடம்பும் நடையும் படைப்பில் சேர்த்திதான். சுற்றி நடக்கலாமா, உள்ளே போகலாமா, தொடலாமா என்று மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். சிலவற்றைத் தொடத்தான் வைத்திருப்பார்கள். வீடியோ என்றால் எத்தனை நிமிடம் என்று சீட்டில் இருக்கும். நடுவில் நுழைந்திருந்தால், தொடக்கம் திரும்ப வரும்வரை இருந்து ஒரு முழுச் சுற்றைப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

கேட்பதும் பேசுவதும்

கேலரிகளில் என்னை அதிகம் ஈர்ப்பது இந்தப் பகுதி. திரைப்படம் பார்த்துவிட்டு இயக்குநரிடம் பேச முடியாது. இங்கே ஓவியர் பல நாள் அதே அறையில் மூலையில் உட்கார்ந்திருப்பார். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பார். அவரிடம் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும், அவருக்கும் சங்கடம். செய்முறையைக் கேளுங்கள். "இந்த நீலத்துக்குக் கீழே என்ன நிறம் போட்டீங்க?", "இதை முடிக்க எவ்வளவு நாள் ஆச்சு?", "எந்தப் படம் முதல்ல வரைஞ்சது?", "இது முடிஞ்சிருச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?" கடைசிக் கேள்விக்கு எந்த ஓவியரும் சின்னப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

தமிழில் பேசத் தயங்கவே வேண்டாம். உள்ளூர் ஓவியர்கள் பெரும்பாலும் தமிழ்க்காரர்கள். மேசையில் இருப்பவர் ஆங்கிலத்தில் தொடங்கினாலும் நீங்கள் தமிழில் தொடருங்கள். நிறைய பேர் உடனே மாறிவிடுவார்கள். வெளியே வரும்போது வருகைப் பதிவேட்டில் இரண்டு வரி எழுதுங்கள். "நன்று, வாழ்த்துகள்" என்பதைவிட "மூன்றாவது சுவரில் இருக்கும் மீன்காரம்மாவின் கை மறக்காது" என்று குறிப்பாக எழுதினால் ஓவியர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பத்து முறை படிப்பார். தமிழில் எழுதுங்கள்.

திறப்பு விழாவுக்கும் தாராளமாகப் போகலாம். அழைப்பிதழ் கையில் இல்லாவிட்டாலும் போஸ்டரில் 'அனைவரும் வருக' என்று இருந்தால் போதும். ஓவியரைக் கட்டாயம் சந்திக்கலாம், மற்ற ஓவியர்களும் வருவார்கள், சிற்றுண்டி இருக்கும். ஆனால் கூட்டத்தில் படத்தைப் பார்க்க முடியாது. பேசுவதற்கு அன்றைக்கும் பார்ப்பதற்கு இன்னொரு நாளும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளோடு போனால் அரை மணிக்கு மேல் வேண்டாம். ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பிடித்த ஒரு படத்தைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, எடுத்தால் பிளாஷ் இல்லாமல் எடுங்கள். வெளியிடும்போது ஓவியர் பெயரைப் போடுவது மரியாதை.

வாங்க நினைத்தால்

விலைப் பட்டியல் மேசையில் இருக்கும். கேட்பதில் தவறே இல்லை, கேட்டதற்காக யாரும் வாங்கச் சொல்லி வற்புறுத்தவும் மாட்டார்கள். சொல்லும் விலையில் கணிசமான பங்கு கேலரிக்குப் போகும்; பொதுவாக மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருக்கும். இடம், விளக்கு, விளம்பரம் எல்லாம் அதில்தான் நடக்கிறது. அதனால் "நேரா உங்ககிட்ட வாங்கினா குறையுமா?" என்று கண்காட்சி நடக்கும்போதே ஓவியரைத் தனியே கேட்பது அவரை இக்கட்டில் மாட்டிவிடும். தவணையில் கொடுக்கலாமா என்று கேலரியிலேயே கேளுங்கள், பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். ரசீதும், ஓவியர் கையெழுத்திட்ட உண்மைச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி விலைக்குள்ளா வெளியிலா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நம்முடைய கடலோர ஊர்களில் வாங்குவதைவிடக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. உப்புக்காற்றும் ஈரமும் காகிதத்துக்கு எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் குடிக்கும், பின்பக்கம் பூஞ்சை பிடித்துப் படத்தில் பழுப்புப் புள்ளிகள் வரும். தானே புயலுக்குப் பிறகு எத்தனை வீடுகளில் கல்யாணப் போட்டோக்கள் கண்ணாடியோடு ஒட்டிப்போயின என்பது கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். ஓவியத்துக்கும் அதே ஆபத்துதான். சட்டம் போடும்போது அமிலமில்லாத அட்டை கேளுங்கள். கண்ணாடி காகிதத்தைத் தொடாமல் நடுவில் அட்டை விளிம்பு இருக்க வேண்டும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் கீழ் இரண்டு மூலைகளிலும் தக்கைத் துண்டுகளை ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். நேர்வெயில் படும் இடமும் ஆகாது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இறக்கிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

அடுத்த முறைக்கு

ஒயிட் டவுன் பழகிய பிறகு இரண்டு திசையில் போகலாம். வடக்கே ஆரோவில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம் தாண்டி, பெரிய முதலியார்சாவடியில் திரும்பிக் குயிலாப்பாளையம் வழியாகப் போக வேண்டும். பாரத் நிவாஸ் வளாகத்தில் இருக்கும் கலா கேந்திராவும், சிட்டாடைன்ஸ் கட்டடத்தில் இருக்கும் சென்டர் த'ஆர்ட்டும் தொடர்ந்து கண்காட்சிகள் நடத்துகிற இடங்கள். தூரம் அதிகம், இடங்களும் பரந்து கிடக்கின்றன. அதனால் இரு சக்கர வண்டியோ காரோ வேண்டும். அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள், ஒயிட் டவுனோடு சேர்க்காதீர்கள்.

தெற்கே இருப்பது கடலூர்க்காரர்களுக்கு இன்னும் பக்கம், பஸ் போகும் வழியிலேயே. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம், புதுச்சேரி அரசின் நுண்கலைக் கல்லூரி. ஓவியமும் சிற்பமும் படிக்கும் பிள்ளைகளின் வேலைகள் கண்காட்சியாக வைக்கப்படும் நாள்களைக் கல்லூரியில் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். கேலரிகளில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும்: இன்னும் தன் கையைத் தேடிக்கொண்டிருக்கிறவர்களின் துணிச்சல். சில படங்கள் தோற்றிருக்கும், ஆனால் எதில் தோற்றன என்பது வெளிப்படையாகத் தெரியும். பார்க்கக் கற்றுக்கொள்கிறவருக்கு அது பெரிய பாடம்.

அதைத் தாண்டி முருங்கப்பாக்கத்தில் கைவினைக் கிராமம். சுடுமண் வேலையில் 2020-இல் பத்மஸ்ரீ பெற்ற வி.கே. முனுசாமி புதுச்சேரிக்காரர். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. கேலரியில் நவீனச் சிற்பம் பார்த்துவிட்டு வந்து இங்கே மண் சக்கரத்தில் ஏறுவதையும், காய்வதையும், சூளைக்குப் போவதையும் பார்த்தால் இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைக்கத் தோன்றாது. முருங்கப்பாக்கத்தில் காலையில் இறங்கினால் மதியத்துக்குள் இரண்டு இடமும் முடியும். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஏறினால், சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு குருசுக்குப்பம் போய்ச் சேரலாம். கிளம்பும் முன் கேலரிக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.